விற்பனைக்கு

இது எங்கள் ஒன்பதாவது வீடு.
முதல் வீட்டில் திரைச்சீலைக்கு அளவெடுத்தேன்.
மூன்றாவதில் அதை விட்டுவிட்டேன்.
லாரமி, மைனாட், பிறகு பெயர் மறந்துபோன
ஒரு கான்சாஸ் ஊர்.
அங்கே சமையலறைக் குழாய் இரவெல்லாம் சொட்டியது.
ஒரு சீசன்தானே என்று பழுது பார்க்கவில்லை.

வெர்லின் ஹாக்லண்ட்:
நூற்று நாற்பத்தொரு வெற்றி,
தொண்ணூற்றெட்டுத் தோல்வி, மூன்று சமன்.
செய்தித்தாளில் அவர் அவ்வளவுதான்.
என் குறிப்பேட்டில் வேறு கணக்கு.
இரண்டு பிரசவத்துக்கும் அவர் இல்லை.
இரண்டாவதற்குப் பனிப்புயல் காரணம்,
அதை அவர்மேல் எழுதவில்லை.

ஆகஸ்டில் உள்ளே போவார்,
நவம்பர் முடிந்து முகம் காட்டுவார்.
இடையில் நிலவறையில் புரொஜெக்டர் கடகடக்கும்.
துணி மடித்தபடி நானும் பார்த்திருக்கிறேன்:
விழுந்தவன் எழுவான்,
குவியல் பிரிந்து இருபத்திரண்டு பேரும்
பின்னோக்கி ஓடி
அவரவர் இடத்தில் குனிந்து நிற்பார்கள்,
யாருக்கும் எதுவும் ஆகாததுபோல.

நாற்பத்துநான்காம் எண், டுவைட் கெஸ்ஸல்ரிங்.
பன்றிப் பண்ணைக்காரர் மகன்.
மூன்றாம் கால்பகுதியில் தலையில் மோதல்.
பக்கவாட்டுக் கோட்டில் தப்பான பெஞ்சில் போய் உட்கார்ந்தான்,
எதிரணியின் பெஞ்சில்.
கூட்டம் சிரித்தது. நானும்தான்.
"நல்லா இருக்கேன் கோச்."
நான்காவது முயற்சி, இன்னும் இரண்டு கஜம்.
பந்தை அவனிடம்தான் கொடுக்கச் சொன்னார்.
மூன்று கஜம் கிடைத்தது.
பதினேழு, பதினான்கு.
வெர்லினைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்,
ஒரு ஷூ எங்கோ விழுந்துவிட்டது.

அடுத்த ஆண்டு பதினோரு ஆட்டம், இரண்டு வெற்றி.
அதே தோள்காரர்களில் யாரோ
நடுராத்திரி எங்கள் புல்வெளியில்
'விற்பனைக்கு' என்று பலகை நட்டிருந்தார்கள்.
காலையில் சுத்தியலோடு வெளியே போனார்.
பிடுங்கப் போகிறார் என்று நினைத்தேன்.
சாய்ந்திருந்ததை நேராக அடித்துவிட்டு
உள்ளே வந்து முட்டை கேட்டார்.

இப்போது எந்த அணியும் இல்லை.
வியாழன்தோறும் தொண்ணூறு மைல்
கார் ஓட்டிப் போகிறார்.
ஐம்பத்து மூன்று வயது கெஸ்ஸல்ரிங்
அங்கே ஜன்னலோர நாற்காலியில் இருக்கிறான்.
மனைவி பெயர் தெரியாது. கரண்டி எதற்கென்று தெரியாது.
"ஸ்கோர் என்ன கோச்?"
"பதினேழு, பதினாலு."
ஒவ்வொரு வாரமும் அன்றைக்குத்தான் ஜெயித்ததுபோல்
மேசையைத் தட்டுவானாம்.

போன வியாழன் திரும்பி வந்தவர்
வாசலில் காரை விட்டு இறங்கவில்லை.
எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.
செருப்பில்லாமல் பனியில் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.
"தோத்துட்டோம்னு சொல்லிப் பார்த்தேன்" என்றார்.
அதற்கு அவன் என்ன சொன்னான்?
வைப்பர் இரண்டு தரம் போய் வந்தது.
"ஒண்ணும் இல்ல கோச், நல்லாத்தான் இருக்கேன்.
என்னை வெளியே எடுத்துடாதீங்க."