சட்டைப்பையில் தேவாலயம்

பெஜாவிலிருந்து வந்த பேருந்து
என்னையும் இரண்டு மூட்டை கோழித்தீவனத்தையும்
இறக்கிவிட்டுத் திரும்பியது.
மெர்த்தோலா.
கீழே குவாதியானா, ஆறிப்போன தேநீரின் நிறத்தில்.
கடல் இங்கிருந்து எழுபது கிலோமீட்டர்.
ஆனாலும் நாளுக்கு இருமுறை
ஆறு தயங்கி நின்று
எதையோ மறந்துவிட்டாற்போல் கொஞ்சம் திரும்பி நடக்கிறது.
கடலின் கை எட்டும் கடைசி ஊர் இது.
இதற்கு மேலே கடல் வெறும் வதந்தி.

விடுதிச் சுவரில் ஒரு கோடு, 1876 என்று.
வெள்ளம் வந்து நின்ற உயரம்.
கோட்டுக்குக் கீழே கட்டில், நாற்பது யூரோ.
கோட்டுக்கு மேலே ஐம்பத்தைந்து.
கீழேயே படுத்துக்கொள்கிறேன் என்றேன்.

தேவாலயம் பூட்டியிருந்தது.
"திங்கள்கிழமை" என்றாள் எதிர்வீட்டு ஸுல்மீரா,
அதற்கு மேல் விளக்கம் எதற்கு என்பதுபோல.
உள்ளே அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது.
ஓடிப்போய்த் திரும்பியவள்
அவசரத்தில் நீட்டினாள்
முன்கை நீளத்துக்கு ஓர் இரும்புச் சாவி.

நான் இதுவரை திறந்தவை:
வாடகை வீடுகள், ஒரு மிதிவண்டிப் பூட்டு,
செத்துப்போன நண்பனின் அலுவலக இழுப்பறை.
இந்தக் கதவு இடப்பக்கம் திருப்பினால் திறக்கும்.
கால்மணி நேரம்
வலப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன்.

உள்ளே வெள்ளை. தூண்கள். குளிர்ச்சி.
பலிபீடத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு மாடம்,
மெக்காவைப் பார்த்தபடி.
மசூதியை இடிக்கவில்லை, மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.
பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன அலமாரியில்
புது வீட்டுக்காரி டம்ளர் அடுக்குவதுபோல.
அவ்வளவு சுலபமாகவா நடந்திருக்கும்?
யாரோ இரவோடிரவாக ஆற்றைக் கடந்திருப்பார்கள்.
மேலே பூசிய சுண்ணாம்பு
அதைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

மதியம் சுரங்கம் பார்க்கப் போனேன்.
வழியெல்லாம் தக்கை மரங்கள்,
பட்டை உரித்த தொடைகளில் வெள்ளை எண்கள்,
எந்த வருஷம் உரித்தார்கள் என்று கணக்கு.
கையில் பிசினாய் ஒட்டும் ஒரு செடியின் வாசம்.
சாவ் தொமிங்கோஸில் செம்பு தோண்டியவர்கள்
போய் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.
குழியில் தண்ணீர் மட்டும் வெற்றிலை துப்பிய சிவப்பில்.
ஒரு தவளைகூட இல்லை.
கல் எடுத்து எறியலாமென்று பைக்குள் கைவிட்டேன்.
கல் இல்லை.
சாவி.

ஆட்டுப் பாலாடைக்கட்டி ஏற்றிவந்த எர்மீனியோ
கதையைக் கேட்டுச் சிரித்தான், வண்டி வளைவில் சாயும் அளவுக்கு.
"என் அப்பா காப்பிக்கொட்டையை முதுகில் கட்டி
ராத்திரியில் ஸ்பெயினுக்கு நீந்துவார்.
நீ தேவாலயத்தையே கடத்திவிட்டாய்."

படிக்கட்டில் ஊரே நின்றிருந்தது.
இரண்டு நாற்காலிமேல் ஒரு சவப்பெட்டி.
பெரியவர் அபீலியோ, தொண்ணூற்றொன்று,
மதியம் சாப்பிட்டுவிட்டுச் செத்துப்போயிருந்தார்,
திங்கள்கிழமை என்றும் பாராமல்.
மன்னிப்புக் கேட்க என்னிடம்
மூன்று போர்த்துகீசியச் சொற்கள் இருந்தன.
மூன்றையும் இரண்டு தடவை சொன்னேன்.
ஒருவர் சிகரெட் நீட்டினார்.
"படகோட்டி" என்றாள் ஸுல்மீரா, பெட்டியைக் காட்டி.
"நீரேற்றத்துக்குக் காத்திருந்தே பழகியவர்."
சாவியை வாங்கிக்கொள்ளவில்லை.
முகவாயால் கதவைக் காட்டினாள்.

இடப்பக்கம்.
முதல் திருப்பிலேயே திறந்தது.
யாரும் நன்றி சொல்லவில்லை, திட்டவுமில்லை.
என்னைத் தாண்டி அவரைத் தூக்கிப்போனார்கள்,
அந்த மாடத்துக்கு நேராக வைத்தார்கள்.

இரவு சோப்புப் போட்டும் போகவில்லை
உள்ளங்கையில் இரும்பு வாசம்.
கோட்டுக்குக் கீழே படுத்திருந்தேன்.
இரண்டு மணி வாக்கில் ஒரு சத்தம்,
ஆறு திரும்புகிறதோ,
மாடியில் பதினைந்து யூரோ கூடக் கொடுத்தவர்
நாற்காலியை இழுத்தாரோ.