கடைசிப் பந்தி

பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
முன்னால் மாட்டியிருப்பதற்குப் பெயர் கலப்பைதான்;
உழுதுகொண்டே போவேன், ஒன்றும் முளைக்காது.
மெய்னின் வடக்கு நுனி, ஆற்றோரச் சாலை, பதினாறு மைல்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா.

ஒடில் மிஷோவின் வைபர்னம்
சாலையை ஒட்டி நிற்கிறது.
தபாலில் வந்த செடி. ஈரத்தாளில் சுற்றிய
ஒரு சாண் குச்சி, நாலு வேர்.
அவள் நட்டுவிட்டுக் கையைத் தட்டி மண் உதிர்த்ததை
வண்டிக் கண்ணாடியில் பார்த்தேன்.
இவ்வளவு ஓரத்திலா என்று நினைத்தேன்.
சொல்லவில்லை.
எங்களுக்குள் பேச்சில்லை,
அவள் அண்ணனின் படகை நான் விற்ற நாளிலிருந்து.

முதல் குளிர்காலம், நான் எறிந்த பனி
அதை மண்ணோடு படுக்கவைத்தது.
இரண்டாவதில் பாதி முறிந்தது.
மூன்றாவதில் பக்கத்தில் ஒரு கம்பு,
உச்சியில் ஆரஞ்சு நாடா.
அந்தக் கம்பையும் முறித்தேன்.
வேண்டுமென்றல்ல. விடிகாலை மூன்று மணி,
வெள்ளைக்குள் வெள்ளை,
சாலை எது, பள்ளம் எது.

அந்தச் செடிக்கு ரோஷமே இல்லை.
முறிந்த இடத்துக்குக் கீழிருந்து
மூன்றாய்க் கிளம்பியது.
ஜூனில் தட்டுத் தட்டாய்ப் பூத்தது.
விளிம்பில் பெரிய வெள்ளைப் பூக்கள்,
அவற்றுக்குச் சூல் கிடையாது;
வாசலில் நின்று வாங்க வாங்க என்பதோடு சரி.
நடுவில் கடுகாய்க் குவிந்தவைதான் காய்க்க வேண்டியவை.
கொத்துக்கு நாலைந்து காய்த்தன,
அதுவும் வெம்பல்.

நாற்றுப்பண்ணை ரெஜியிடம்
எனக்கில்லை என்பதுபோல் கேட்டேன்.
ஒற்றைச் செடி போதாது,
வேறு தாய் வயிற்றில் பிறந்த இன்னொன்று
கூப்பிடு தூரத்தில் பூக்க வேண்டும் என்றான்.
எத்தனை டாலர் என்றேன்.

சாலைக்கு இந்தப் பக்கம்,
ஈரம் காயாத சரிவில் நட்டேன்.
முதல் கோடை முழுக்க வாளி வாளியாய்த் தண்ணீர்.
இரண்டாம் கோடையில் வண்டு வந்தது.
நரம்பை மட்டும் விட்டுவைத்து
இலையெல்லாம் சல்லடை.
இலையுதிர்ந்ததும் கிளை நுனிகளில்
தையல்போல் வரிசையாய் மூடிவைத்த முட்டைகளை
வாசிப்புக் கண்ணாடி மாட்டித் தேடி வெட்டினேன்.
எதிரே அவளும் வெட்டிக்கொண்டிருந்தாள்.
என் கத்தரி ஒரு கிளிக்.
அவள் கத்தரி ஒரு கிளிக்.
நிமிரவில்லை இருவரும்.

நான்காம் ஜூனில் இரண்டு புதரும் சேர்ந்து பூத்தன.
தேனீக்கள்
வலமும் இடமும் பார்க்காமல் சாலையைக் கடந்தன.

செப்டம்பரில் சிவப்பு, கிளை வளைய.
அவள் ஜெல்லி காய்ச்சினாள் போலும்,
ஈரக் காலுறையை வேகவைத்த நாற்றம் தெரு முழுக்க.
என் சமையலறையிலும் அதே நாற்றம்தான்.
ருசி வேறு; ரொட்டிக்கு நன்றாகவே இருந்தது.
மிச்சத்தைப் பறவைகள் சீந்தவில்லை.
ஆப்பிள் தீரட்டும், ரோவன் தீரட்டும் என்று
தள்ளிப்போட்டன.
புளிப்பும் கசப்புமாய் அவை தொங்கின,
டிசம்பர், ஜனவரி,
தலைக்கொரு பனிக்குல்லாயோடு.

பிப்ரவரிக் கடைசியில்
காட்டில் வேறெதுவும் மிஞ்சாத ஒரு காலை
கொண்டை வைத்த சாம்பல் பறவைகள் வந்தன.
நாற்பது இருக்கும், ஐம்பதும் இருக்கும்.
அவள் புதர், என் புதர், மறுபடி அவள் புதர்.
கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள்
உப்பு குறை, உறைப்பு குறை என்பதில்லை.
எஞ்சினை அணைத்துவிட்டு
தபால்காரன் ஹாரன் அடிக்கும்வரை
நடுச்சாலையில் நின்றேன்.

இப்போதெல்லாம் அவள் வீடு வந்ததும்
கலப்பையின் இறக்கையைத் தூக்கிவிடுகிறேன்,
ஒரு பன்னிரண்டு அடிக்கு.
அங்கே மட்டும் சாலையோரம் பனி திட்டாய்க் கிடக்கும்.
நகர அலுவலகத்துக்குப் புகார் வந்திருக்கிறது:
மிஷோ வீட்டெதிரே வண்டி ஒழுங்காகத் தள்ளுவதில்லை.
கையெழுத்தைப் பார்த்தேன்.
ஒடில்.

இயந்திரக் கோளாறு என்று
எழுதிக் கொடுத்திருக்கிறேன்.