அடுப்பில் பூனை

சியோலில், ஹ்வாங்ஹாக்தோங் சந்தையில்
என் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
மூடிய கடைகளின் தட்டுமுட்டுகளை வாங்கி
திறக்கப்போகும் கடைகளுக்கு விற்கிறேன்.
அழுதுகொண்டு வருகிறவர்களுக்கும்
சிரித்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் நடுவே
ஒரு லாரி, ஒரு கால்குலேட்டர், நான்.

ஊர் எதைத் தின்கிறதென்று
போனைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.
எனக்கு அந்தச் செய்தி பின்வாசலில் வரும்,
எண்ணெய்ப் பிசுக்கோடு.
கஸ்டெல்லா கேக் தட்டுகள் வந்தன, நாற்பது நாற்பதாக,
ஒன்றின் மடியில் ஒன்று.
பிறகு பபிள் டீக் கோப்பைக்கு மூடி ஒட்டும் எந்திரம்.
அதன் வயிற்றில் ஒரு ஜவ்வரிசி முத்து
மிளகாகக் காய்ந்து கிடந்தது.
குரோஃபிள் அச்சுகள் வந்த மாதத்தில்
எண்ணி வாங்க நேரமில்லை,
எடைபோட்டு வாங்கினேன்.

வீட்டில் இருந்தவர்கள் மட்டும் சும்மாவா இருந்தார்கள்?
கதவடைத்துக் கிடந்த அந்த வசந்தத்தில்
காபித்தூளை நானூறு முறை அடித்து நுரையாக்கினார்கள்.
கை ஓய்ந்தவர்கள் ஏர் ஃப்ரையர் வாங்கினார்கள்.
இப்போது அதில் வெங்காயம் போட்டு வைக்கிறார்களாம்.
நாத்தனார் சொன்னாள்,
யாரையோ சொல்வதுபோல.

என் அடுப்பில் பூனை தூங்குகிறது.
பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜப் பூனை:
விலைபோகாத பீட்சா அடுப்புக்குள்
மூன்று குளிர்காலமாக.

"அடுத்து என்ன வரும், முதலாளியம்மா?"
வட்டிக்குக் கடன் வாங்கிய பையன்கள்
ஜோசியம் கேட்பதுபோல் கேட்பார்கள்.
உப்பு ரொட்டியா? பிஸ்தா சாக்லேட்டா?
போனது எது என்றுதான் எனக்குத் தெரியும்.
வருவதைச் சொல்லத் தெரிந்தால்
இந்த வயதில் ஃபிரிட்ஜ் தூக்குவேனா?

நவம்பரில் ஒரு செவ்வாய்,
தோ யூகியோங் என்றொருத்தி, பூச்சோனிலிருந்து,
பாகு காய்ச்சும் மின்சட்டியைக் கொண்டுவந்தாள்.
கைப்பிடிக்குக் கீழே அந்த நசுங்கல்.
என்னிடமே வாங்கியது, இரண்டு வசந்தத்துக்கு முன்.
அப்போது அவள் கடைவாசலில்
பள்ளிப் பிள்ளைகள் பேருந்து நிறுத்தம்வரை வரிசையில் நின்றார்களாம்,
ஒரு குச்சி தாங்ஹுலுவுக்கு.
இப்போது அந்தக் குச்சிகளில்
பன்னிரண்டாயிரம் மிச்சம்.
வாங்கிய விலையில் ஆறில் ஒரு பங்கு சொன்னேன்.
தலையாட்டினாள்.
"ஓடுமா?" என்றேன்.
எல்லாரிடமும் கேட்பதுதான்.
அதற்குத்தான் கோபம் வந்தது அவளுக்கு.

பையிலிருந்து சர்க்கரையை எடுத்தாள்.
என் தண்ணீரை ஊற்றினாள்.
கிளறவில்லை, கிளறக் கூடாதாம்.
குமிழ்கள் பெரிதாகி, சிறிதாகி, சோம்பலாகி...
ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு
எடுத்துக் கிண்ணத்தில் தட்டினாள்.
ணங்.
ஸ்ட்ராபெரி இல்லை.
என் மதிய டப்பாவிலிருந்த ஆரஞ்சுச் சுளையைக் குத்தி
முக்கி, ஒரு சுழற்று,
நீட்டினாள்.

இத்தனை சட்டி விற்றிருக்கிறேன்,
ஒன்றையும் தின்று பார்த்ததில்லை.
கடித்தேன்.
வாய்க்குள் ஒரு ஜன்னல் உடைந்தது.
உள்ளே குளிர்ந்த புளிப்பு,
அதன் பின்னால்
என் கடைவாய்ப் பல்லின் தொப்பி கழன்று வந்தது.

இருவரும் மண்டியிட்டு டார்ச் அடித்துத் தேடினோம்.
கஸ்டெல்லா தட்டுகளுக்கு அடியில் கிடைத்தது,
பாகு பூசி, பளபளவென்று,
விற்கலாம்போல.
அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

சொன்ன விலைக்கு மேல் ஒரு வோன் கூடக் கொடுக்கவில்லை.
தொழில் தொழில்தான்.
பல் வைத்தியர் தனிக் கணக்கு.

வெள்ளிக்கிழமை ஒரு பையன் வந்தான்.
மாட்சா கடை போடுகிறானாம்,
சும்மா கேட்டான்,
"பாகு காய்ச்சுற சட்டி ஏதாவது இருக்கா?"
"இல்லை" என்றேன்.

என் முதுகுக்குப் பின்னால்
அது மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது.
பூனை இடம் மாறிப் படுத்திருந்தது
அதன் பக்கமாக.