கத்தி தடியில் படலாம்

இருபத்திரண்டு வருஷம் எனக்குச் சொன்னது ஒன்றுதான்:
கத்தி தடியில் படக்கூடாது.
பட்டைக்குள் ஒரு நூல் பால்,
அதற்கும் உள்ளே ஒரு நூல் தோல்,
அதைத் தொட்டால் மரத்துக்குப் புண்,
எனக்கு அரைநாள் கூலி பிடித்தம்.

கீரிப்பாறைக்கு மேலே ஏழாம் கூப்பு.
நெற்றிவிளக்கு, சிரட்டை, வாளி,
எத்தனை சோப்புக்கும் போகாத ஒட்டுப்பால் நாற்றம்.
முந்நூறு மரம், ஒரே வரிசை, ஒரே வயசு.

இப்போது சொல்கிறார்கள்:
"தடியில் படட்டும், ரத்தினபாய்.
சுற்றிவர ஒரு சாண் அகலம்
பட்டையை முழுசும் உரி."
கை வரவில்லை.
பதினாறாம் வரிசை, ஒன்பதாவது மரம்.
கார்த்திகையில் சிரட்டை நிறைந்து வழியும்.
மகளின் பிளஸ் டூ ஃபீஸில் பாதி அது.

எல்லாவற்றையும் அல்ல, மூன்றில் ஒன்றை.
மொத்தமாய்ச் சாய்த்தால் வெயிலும் மொத்தமாய் விழும்.
வெயிலின் வாலைப் பிடித்துக்கொண்டு
கம்யூனிஸ்ட் பச்சை வரும்,
அதன்மேல் வள்ளி படரும்,
மாசியில் யாராவது பீடி போடுவார்கள்.
ஆகவே மூன்றில் ஒன்று.
மற்ற இரண்டும் நிற்கட்டும்,
கீழே எது முளைத்தாலும் அதற்குக் குடை பிடித்துக்கொண்டு.

மரம் பிறகு. முதலில் ஆட்கள்.
ஓடையோரம் ஆடு விடுகிற தபசிமுத்து,
விறகுக்கு வருகிற லைன்வீட்டுப் பெண்கள்,
அன்னாசிக்குக் குத்தகை பிடித்திருந்த அருமனைக்காரர்,
தேனுக்குப் போகும் தடத்தில்
வேலி வரக்கூடாது என்ற ஈச்சன் காணி.
சர்ச் ஹாலில் நாலு கூட்டம்.
மூன்றாவதில் நாற்காலி பறந்தது.
நாலாவதில் எழுதிக்கொண்டோம்:
பட்ட மரம் விறகுக்காரிகளுக்கு.
ஆடு ஓடைக்கு இந்தப் பக்கம்.
தீக்கோடு வெட்டக் கூலி சனிக்கிழமை கையில்,
கூலி தப்பின வாரம் கோடும் கிடையாது.
அன்னாசிக்காரர் கையெழுத்துப் போடாமலே போனார்.
தேன்தடத்தை எழுதவேண்டாம் என்றார் ஈச்சன்.
"எழுதினா, பெறவு அழிக்கவும் வருவினும்."

மாசக்கடைசியில் ஆபீஸிலிருந்து ஒரு தாள்.
நட்ட மரங்கள் என்று ஒரு கட்டம்.
பூஜ்யம் போட்டேன்.
ஜீப்பில் வந்த பையனுக்கு முகம் வாடிவிட்டது.
"ஒரு நூறாவது போடுங்கக்கா."
நடவில்லையே தம்பி.
பிடுங்கின வள்ளி எத்தனை கட்டென்று கேள்.
எரியாத நாள் எத்தனை என்று கேள்.
குருவி உட்கார நாட்டின கம்பு முப்பது,
அதில் இருபத்தொன்றில் எச்சம் இருக்கிறது,
எச்சத்தில் வட்டக்கண்ணி விதை.
மரநாய் கழித்த பாறையிடுக்கில்
அயனி நாலிலை விட்டிருக்கிறது,
வா, காட்டுகிறேன்.
அவனிடம் அதற்குக் கட்டம் இல்லை.
தாளைத் திருப்பி, பின்பக்கத்தில்
பென்சிலால் எழுதிக்கொண்டான்.

இரண்டாம் வருஷம் தீ.
கோட்டைத் தாண்டிப் பறந்தது ஒரே ஒரு சருகு.
இரண்டு ஏக்கர்.
அயனியும் போயிற்று.
அந்த வாரம் யாரும் யாரிடமும் பேசவில்லை.
திங்கட்கிழமை வள்ளி பிடுங்கப் போனோம்.

இந்தப் பங்குனி, இருபத்தேழாம் தேதி.
கீழே ஊரில் குழாயைத் திறந்தால் காற்று.
பதினாறாம் வரிசையில் என் மரம்
பட்டு, வெளுத்து நிற்கிறது.
விறகுக்காரிகள் ஏனோ அதை விட்டுவைத்தார்கள்.
மரங்கொத்தி போட்ட ஓட்டை ஏழு.
அடியில் சருகைக் கிளறினேன்,
விரல்நுனி குளிர்ந்தது.

வீட்டில் காலைக் கழுவும்போதுதான் பார்த்தேன்.
கணுக்காலில் ஓர் அட்டை, குடித்துப் பெருத்து.
மழை கண்டு நாலு மாசமான சரிவில்
அட்டையா?
"உப்பு எடுக்கட்டா?" என்றாள் மகள்.
கொஞ்சம் பொறு பிள்ளே, என்றேன்.

அது தானாகவே விழுந்தது.
கடித்த இடம் ரொம்ப நேரம்
நிற்காமல் ஒழுகிற்று,
கார்த்திகைப் பால் மாதிரி.