ஈரமானி

டாம்சினும் ஜேகோவும்
மனதுக்குள் ஏற்கெனவே கட்டிலைப் போட்டுவிட்டார்கள்,
கிழக்கு ஜன்னலோரம்.
தொட்டிலுக்கும் ஓர் இடம் பார்த்தாயிற்று என்றாள் அவள்
தொலைபேசியில், குரலைத் தாழ்த்தி.
சித்திரம் முடிந்துவிட்டது.
சுவரைப் பார்க்கத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

டெவனில், டிராக்டர் வந்தால்
அரை மைல் பின்னால் ஓட்டிப் போகவேண்டிய
வேலிச்சந்துகளின் முடிவில் அந்த வீடு.
ஏணி, டார்ச், முழங்கால் உறை,
ஈரமானி, ஒரு கோலிக்குண்டு.
பிறர் ஆசைப்பட்ட வீடுகளில்
ஆசைப்படாமல் நடப்பது என் தொழில்,
இருபத்தாறு வருடமாக.

மண்வீடு. களிமண்ணையும் வைக்கோலையும்
மாடுகளை விட்டு மிதிக்கச் செய்து
ஒன்றரை முழத் தடிமனில் எழுப்பியது.
வயது இருநூற்றைம்பது இருக்கலாம்.
'இருக்கலாம்' என்பது
என் அறிக்கைகளில் அதிகம் புழங்கும் சொல்.

விற்கிற ஹெல்லியர் என் பின்னாலேயே வந்தார்,
நாயை மருத்துவரிடம் கொண்டுவந்தவர்போல்.
பரணில் மரப்பூச்சித் துளைகள்; பழையவை, தூள் இல்லை.
கூரை வேய்ந்தது ஒன்பது வருடம் முன்பு. பரவாயில்லை.

மாடிப்படித் திருப்பத்தில் அந்த விரிசல்.
உத்தரத்திலிருந்து தரைவரை,
சுண்டுவிரல் நுழையும்.
இதைப் பார்த்துத்தான் மூன்று பேர்
காரைத் திருப்பிக்கொண்டு போனார்களாம்.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
விரிசலின் குறுக்கே
இரு முனையும் சாந்தில் புதைத்த கண்ணாடித் துண்டு.
பக்கத்தில் பென்சிலில், 3-11-1974.
அதன் கீழே வருடத்துக்கு ஒரு சரிக்குறி,
2019 வரை.
சுவர் ஒரு நூல் அசைந்திருந்தாலும்
கண்ணாடி தெறித்திருக்கும்.

"டோர்காஸ்" என்றார் ஹெல்லியர்.
"என் மனைவி. இந்த விரிசலை அவள் நம்பவே இல்லை."

நாற்பத்தைந்து வருடம்
நம்பாமலே பக்கத்தில் இருந்திருக்கிறாள்.
கண்ணாடி முழுசாக இருந்தது.
விரிசல் தூங்குகிறது என்று
வேறு சொற்களில் எழுதிக்கொண்டேன்.

சமையலறையில் கோலியை விட்டேன்.
யோசிக்கவே இல்லை அது,
நேராக மேற்குச் சுவருக்கு ஓடியது.
வெள்ளை வெளேரென்று, ஒரு கீறல் இல்லாத சுவர்,
விளம்பரப் படத்தில் முதலில் வருவது.
வெளியே போய் விரல் மடித்துத் தட்டினேன்.
காலிப் பானைச் சத்தம்.
"சிமெண்ட்" என்றேன்.
"நானே பூசியது, 2003இல்" என்றார்,
பெருமை துளியும் குறையாமல்.
"அவளுக்கு மூச்சிரைப்பு. மழை உள்ளே வரக்கூடாதென்று."

மழை உள்ளே வரவில்லை.
உள்ளே இருந்தது வெளியேயும் போகவில்லை.
மூச்சுவிடும் மண்ணுக்கு
மழைச்சட்டை போட்டு
கழுத்துவரை பொத்தானும் மாட்டியிருந்தார்.

சுவரின் அடியில் ஊசிகளைக் குத்தினேன்.
ஈரமானி கத்தத் தொடங்கி நிறுத்தவே இல்லை.
இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.
மனிதரிடம் இருந்தால் மெச்சுகிற அதே ஈரம்;
சுவரில் இருந்தால்
எண்ணாக எழுதியாக வேண்டும்.
பலகையை நெம்பியதும் மண்
ஊறிய பிஸ்கட்போல் கையோடு வந்தது.

"டீ போடட்டுமா?" என்றார்.
போடச் சொன்னேன்.
அவர் முதுகு மறைந்த பிறகுதான்
கருவியை அணைக்கத் தோன்றியது.

நாற்பத்தொரு பக்கம் அனுப்பினேன்.
சிமெண்டை உடைத்தெடுக்க இவ்வளவு,
சுண்ணாம்புச் சாந்துக்கு இவ்வளவு,
இடையில் சுவர் உலர இரண்டு கோடை.
கம்பளத்தின் கீழ் பார்க்க இயலவில்லை.
அலமாரிக்குப் பின்னால் பார்க்க இயலவில்லை.
யாருக்காகப் பூசினார் என்பதற்கு
அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஜேகோ கூப்பிட்டான்.
"ஒரே வார்த்தை. வாங்கலாமா?"
பன்னிரண்டாம் பக்கம் பாருங்கள் என்றேன்.
"பார்த்தோம். டாம்சின் அழுகிறாள்."
விலையைக் குறைத்துக் கேளுங்கள் என்றேன்.
நியாயமாக அங்கேயே வைத்திருக்க வேண்டும்.

"படிக்கட்டில் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கும்.
சுண்ணாம்பு அடிக்க வருகிறவர்கள்
அதைப் பெயர்த்துவிடப் போகிறார்கள்,
சொல்லி வையுங்கள்" என்றேன்.

'ஒருவேளை வாங்கினால்' என்று
முன்னால் சேர்க்க மறந்துபோனேன்.