பத்து நிமிடக் கடல்

கெயோனில் ஆறாம் நாளாக மழை.
சிப்பி வளர்க்கும் மிதவையில்
சோற்றுடப்பா அளவுப் பெட்டிக்குள்
என் கணினி பட்டினி கிடக்கிறது.
சூரியத் தகட்டின் மேல் நீர்க்காகத்தின் எச்சம்,
அதன் மேல் மேகம்,
அதற்கு மேலும் மேகம்.
பதினொன்று புள்ளி நான்கு வோல்ட் என்கிறது மின்கலம்,
கடன் கொடுத்தவனிடம் பேசுகிற குரலில்.

படகைக் கட்டிவிட்டு
ருபெர்த்தோ நாவெல்கின் கேட்டார்:
"எதுவினா, உள்ளே இது என்னதான் செய்கிறது?"
நிமிடத்துக்கொரு முறை தண்ணீரைத் தொட்டுப் பார்த்து
எத்தனை டிகிரி, எவ்வளவு உப்பு
என்று எழுதி வைக்கிறது, என்றேன்.
"அதற்கா இவ்வளவு பசி?"

நியாயமான கேள்வி.
இரண்டே இரண்டு எண்களை எழுத
நொடிக்கு நூற்றிருபது கோடித் துடிப்பு.
ஊசி வாங்க லாரி பிடித்தது போல.

தார்ப்பாயை அவர் தூக்கிப் பிடிக்க,
மடியில் மடிக்கணினி.
நான்கு கருக்களில் மூன்றை உறங்கச் சொன்னேன்.
நான்காவதற்கு மூக்கணாங்கயிறு:
அறுபது கோடிக்கு மேல் ஓடாதே.
லினக்ஸுக்குள் ஆளுநர் என்று ஒருவர் உண்டு,
வேகத்தைத் தீர்மானிப்பவர்.
கேட்டவர்க்கெல்லாம் அள்ளி விடுகிற பழையவரை இறக்கி
கஞ்சர் ஒருவரை அமர்த்தினேன்.
ஊர்வலம் இல்லை, வாக்குப்பெட்டி இல்லை.
ஒரே வரி.

நானூற்றுப் பத்து மில்லியாம்பியர்
நூற்று எழுபதாய் இறங்கியது.
கடல் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

வேகம் எளிது. எனக்குப் பயம் சேமிப்பில்.

போன மார்ச்சில் செவ்வலை வந்த மூன்று வாரமும்
இந்தப் பெட்டியில் பச்சை விளக்கு
கண் சிமிட்டிக்கொண்டேதான் இருந்தது.
அட்டையில் ஒரு எண்கூட ஏறவில்லை.
எழுதி எழுதித் தேய்ந்திருந்தது அட்டை.
திறந்து பார்த்தால்,
கடலைப் பற்றி எழுதியதைவிடத்
தன்னைப் பற்றி எழுதியதே அதிகம்:
விழித்தேன். சூடானேன். கூப்பிட்டேன்.
யாரும் பதில் சொல்லவில்லை.
மறுபடி கூப்பிட்டேன்.

இனி அந்தப் புலம்பலெல்லாம் நினைவகத்தில்.
மின்சாரம் போனால் அதுவும் போகும்.
போகட்டும்.
எந்தக் கோப்பை யார் கடைசியாய்ப் பார்த்தார்கள்
என்கிற குறிப்பையும் நிறுத்தினேன்.
பார்த்ததற்கெல்லாம் தேதி வைத்தால்
எதுதான் தேயாது?

கடைசியாக ஒன்று மட்டும்
என்னால் முடிவு செய்ய இயலவில்லை.
நிமிடத்துக்கு நிமிடம் அட்டையில் பதித்தால் அட்டை சாகும்.
சேர்த்து வைத்து ஒரேயடியாய்ப் பதித்தால்
நடுவில் மின்சாரம் அறுந்தால்
கையிலிருக்கும் கடல் காணாமல் போகும்.

"ருபெர்த்தோ,
பத்து நிமிடக் கடல் தொலைந்தால் பரவாயில்லையா?"

மில்காவைப் பிட்டு
பாதியை என்னிடம் நீட்டினார்.
தண்ணீருக்குள் தொங்கும் கயிறுகளைப் பார்த்தார்,
கயிற்றுக்கு எட்டுக் கிலோ வீதம் மனதில் எடை போடுகிறவராய்.
"சிப்பி எழுந்து எங்கே ஓடிவிடப் போகிறது?
மூன்று மணி நேரம் என்றால் என்னை எழுப்பு.
பத்து நிமிடத்துக்கு நான் மூத்திரம்கூடப் போய்வர மாட்டேன்,
இந்த ரப்பர் உடுப்பைக் கழற்றி."

அறுநூறு நொடி என்று தட்டினேன்.
உருளைக்கிழங்கு பிசுக்கு
ஆறிலும் பூஜ்ஜியத்திலும் ஒட்டியது.

மூடியின் திருகுகளை இறுக்கும்போது
பழைய அட்டை சட்டைப்பையில் நெருடியது.
அது முழுதாய்ச் சாகவில்லை.
கேட்டால் படித்துக் காட்டும்,
புதிதாய் எதையும் வாங்கிக்கொள்ளாது.
அதற்குள் இன்னும் மார்ச் ஒன்பது, அதிகாலை நாலு பத்து,
தண்ணீர் பதின்மூன்று புள்ளி எட்டு,
எல்லாக் கயிற்றிலும் சிப்பிகள் நலம்.

எறிந்துவிடலாம்.
குப்பைக்கூடை கரையில் இருக்கிறது,
நாற்பது நிமிடத் தூரத்தில்.