முதுகுப்பக்கம்

நாற்பத்தேழு கிளிப்புகள் என் கணக்கு.
கறுப்பு. ஸ்டேஷனரிக் கடையில்
காகிதம் கவ்வ விற்பது.
காலையில் எண்ணி வாங்கி
மாலையில் எண்ணிக் கொடுக்க வேண்டும்.
குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள்.

லோயர் பரேலில் பழைய மில்லுக்குள் ஸ்டூடியோ.
கவுன் இத்தாலியிலிருந்து வந்தது,
ஆறு மணிக்குள் அழுக்கில்லாமல் திரும்ப வேண்டியது.
விலைச்சீட்டை அக்குளுக்கடியில் செருகி டேப் ஒட்டினேன்.
அந்த விலைக்கு சயான் கோலிவாடாவில்
எங்கள் அறைக்கு மூன்று வருட வாடகை கொடுத்து
பால் பாக்கியையும் அடைக்கலாம்.

சந்திரப்பூர்ப் பெண். ம்ருணாலி வாக்மோடே.
அட்டையில் அவ்வளவு எழுத்துக்கு இடமில்லை என்று
மதியச் சாப்பாட்டுக்கு முன்பே
மிரா ஆக்கிவிட்டார்கள்.
யாராவது மிரா என்றால்
அவளும் திரும்பிப் பார்த்தாள், யார் என்று.

கவுன் அவளைவிட இரண்டு சுற்றுப் பெரிது.
முதுகில் துணியை அள்ளிப் பிடித்து
கழுத்திலிருந்து இடுப்புவரை கவ்வ வைத்தேன்.
முன்னால் ராணி.
பின்னால் ஓணான்.

"மூச்சு விடட்டுமா?" என்றாள்.
"க்ளிக் ஆனதும் விடு."
நானூறு க்ளிக்.
நானூறு மூச்சையும்
என்னிடம் கேட்டுக் கேட்டு விட்டாள்.

ரோஹிண்டன் சார் லென்ஸைத் துடைத்தபடி சொன்னார்:
இந்த அட்டையில் வந்தவர்கள் யாரும்
அப்புறம் ஆட்டோவில் போனதில்லை.
அதற்கு முன் பதினாறு அட்டைகளுக்கு
நான் கிளிப் போட்டிருந்தேன்.
அதில் இரண்டு பேரை வர்சோவாவில்
பஸ்ஸுக்கு நிற்கப் பார்த்திருக்கிறேன்.
சொல்லவில்லை.
அன்றைய கூலி இன்னும் கைக்கு வரவில்லை.

ஆகஸ்டு இதழ்.
அந்தேரி ஸ்டேஷன் கடையில், மழைக்கு பிளாஸ்டிக் மூடி,
கம்பியில் தொங்கினாள்.
அங்கேயும் கிளிப்தான்.

செப்டம்பரில் போன்.
"தீதி, படம் கிடைத்துவிட்டது. மட் ஐலண்டில் ஷூட்டிங்.
அட்டையைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்களாம்.
நீங்கள்தான் வர வேண்டும்.
கேமரா என்னைச் சுற்றி வருமாம்."

சுற்றி வருமாம்.
அந்தச் சொல்லில்
என் நாற்பத்தேழும் செத்தன.

ஊசி எடுத்துப் போனேன்.
பச்சைக் கவுன், வாடகை, அதுவும் பெரிது.
உடுத்தின துணியில் தைத்தால் ஆகாது என்பார்கள்;
வாயில் ஒரு நூலைக் கடித்துக்கொள் என்றேன்.
கடித்தபடியே வசனம் சொல்லிப் பார்த்தாள்,
நான்கு வரி.
நூல் ஆடிக்கொண்டே இருந்தது.
தோள்பட்டைக்குக் கீழே மட்டும்
இழுத்துத் தைக்காமல் விட்டேன்,
மூச்சுக்கு அரை அங்குலம்.

மார்ச்சில் படம் வந்தது.
சயானில் இரவுக் காட்சி.
நானும் இவரும், ஒரு பொட்டலம் வேர்க்கடலையும்.
இடைவேளை தாண்டிக் கதாநாயகன் அழுகிறான்.
திரை முழுக்க அவன் முகம்.
ஓரத்தில் யாரோ ஒருத்தியின் பச்சை முதுகு.
சுற்றி வந்த கேமரா
அவன் பக்கமே தங்கிவிட்டது.
நான்கு வரியில் ஒன்றுகூட இல்லை.
பதினோரு வினாடி இருக்கலாம்.

"எங்கே உன் பொண்ணு?" என்றார் இவர்.
"அதோ, என் தையல்!"
பின்சீட்டில் ஒருவன் உஸ் என்றான்.

மறுநாள் அவளே கூப்பிட்டாள்.
பார்த்தீர்களா என்று கேட்கவில்லை.
அங்கே மழையா என்றாள்.
மார்ச்சில் ஏது மழை.
கொஞ்ச நேரம் லைனில் மின்விசிறிச் சத்தம்.

நானாகச் சொன்னேன்:
அவன் போ என்றதும் நீ திரும்பவில்லை.
தோள்பட்டைக்குக் கீழே துணி
ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்தது.
யாரையும் கேட்காமல் விட்ட மூச்சு.
அந்த சீனில் நடித்தது அது ஒன்றுதான்.

"அது இருமல், தீதி," என்றாள்.
"செட்டில் புகை போட்டிருந்தார்கள்.
அடக்கிக்கொண்டேன்."

இருக்கட்டும்.
தையல் விடவில்லை.